மிதிக்கு ஒரு சொல்

மைசூரு சாமுண்டி மலைச் சாலையில் விடிவதற்கு முன்பே சைக்கிள்கள் ஏறத் தொடங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டரைச் சற்றே தாண்டும் மலை. ஊரிலிருந்து கணக்கிட்டால் ஏறவேண்டிய உயரம் 300 மீட்டர் அளவுதான். நீலகிரியைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் மேடு. ஆனால் சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரைப் பத்துக்கும் கீழே இழுத்துவிட இந்த மேடு போதும். அவ்வளவு மெதுவாகப் போகும்போதுதான் பக்கத்தில் ஏறுகிறவர்களின் முகம் கண்ணில் படும். பலருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும்.

ஒருவர் ஒன்றிலிருந்து எட்டுவரை எண்ணுகிறார், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். இன்னொருவர் வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் "தாயே" என்கிறார். கல்லூரிப் பையன்கள் பின்தங்கிய நண்பனைப் பார்த்து "இன்னு ஸ்வல்ப, இன்னு ஸ்வல்ப" என்று கன்னடத்தில் குரல் கொடுக்கிறார்கள். இன்னும் கொஞ்சம்தானாம். நம் பக்கத்துப் பையன்களாக இருந்தால் "தம் கட்டுடா, விடாத, மிதி மிதி" என்பார்கள். இதையெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. மேட்டில் சைக்கிளை நகர்த்துவதில் தொடைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏறக்குறைய அதே அளவு பங்கு இந்த முணுமுணுப்புக்கும் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே மலையின் மறுபக்கம் 1,008 படிகள் இருக்கின்றன. நம் ஆடியை ஒட்டி வரும் மாதத்தை அங்கே ஆஷாடம் என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறுவார்கள். குனிவது, பொட்டு வைப்பது, நிமிர்வது, ஒரு படி ஏறுவது. வழியில் இருக்கும் நந்தி சிலைவரை, அதற்கும் மேலே உச்சிக் கோயிலின் கோபுரம்வரை இதுதான். வெறுங்கையோடு ஏறுகிறவர்களே உட்கார்ந்து உட்கார்ந்து போகிற இடத்தில், வயதான அம்மாக்கள் இப்படி ஏறிவிடுகிறார்கள். அவர்கள் கண் உச்சியைத் தேடுவதில்லை. அடுத்த படி காலியாக இருக்கிறது, அதற்குப் பொட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். சாலையில் எட்டுவரை எண்ணிக்கொண்டு ஏறுகிற சைக்கிள்காரர் செய்வதும் இதைத்தான். நீண்ட துன்பத்தைக் கைக்கு அடங்கும் துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறார்.

இந்த முணுமுணுப்பின் பலத்தை ஆய்வுக்கூடத்திலும் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஆந்தனி பிளான்ச்ஃபீல்டும் சாமுவேல் மார்க்கோராவும் அவர்களுடைய சகாக்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு அது. 24 பேரை நிலையான சைக்கிளில் ஏற்றி, அவர்களுடைய உச்ச சக்தியில் 80 சதவீத அளவில், கால் ஓயும்வரை மிதிக்கச் சொன்னார்கள். பிறகு அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் தங்களுக்குத் தாங்களே தைரியம் சொல்லிக்கொள்ளும் பயிற்சி. சொற்களை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். தொடக்கத்துக்குச் சில, ஓயப்போகும் கட்டத்துக்கு வேறு சில. இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஏற்றியபோது, பயிற்சி பெற்றவர்கள் முன்னைவிட 18 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இரண்டு வாரத்தில் தொடை வலுத்துவிடவில்லை. அதே உழைப்பு அவர்களுக்குக் கொஞ்சம் இலேசாகத் தோன்றியது. ஓய்ந்துபோவதில் பெரும்பங்கு, எவ்வளவு கஷ்டப்படுகிறோம் என்று மனம் போடும் கணக்கில் இருக்கிறது என்பது மார்க்கோராவின் வாதம்.

பிளான்ச்ஃபீல்டும் பங்கேற்ற இன்னொரு ஆய்வு வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 16 ஆண்கள், 10 கிலோமீட்டர் பந்தயம். ஒருமுறை "என்னால் முடியும்" என்கிற மாதிரி தன்மையில் சொல்லிக்கொண்டு ஓட்டினார்கள். மறுமுறை "உன்னால் முடியும்" என்று முன்னிலையில். "நீ" என்று சொல்லிக்கொண்டபோது நேரம் சுமார் 2 சதவீதம் குறைந்தது. பந்தயத்தில் 2 சதவீதம் பெரிய விஷயம். மேட்டில் நம் ஆட்கள் யாரும் "நான் மிதிப்பேன்" என்று முனகுவதில்லை. "மிதிடா" என்றுதான் தன்னைத்தானே அதட்டுகிறார்கள். உள்ளே ஒரு அண்ணனோ மாமாவோ உட்கார்ந்துகொண்டு விரட்டுகிற மாதிரி. டூர் டி பிரான்ஸில் 17 முறை ஓட்டிய ஜெர்மனிக்காரர் யென்ஸ் ஃபோக்ட், வலிக்கிற தன் கால்களைப் பார்த்தே வாயை மூடச் சொல்வார். அந்த அதட்டல்தான் அவருடைய முத்திரையாகிப்போனது. 2014 செப்டம்பரில், 43 வயதில், ஒரு மணி நேரத்தில் 51 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து உலக சாதனையோடு ஓய்வு பெற்றார்.

இதில் ஒரு எச்சரிக்கை. சொல்லிக்கொள்கிற சொல் உண்மையாக இருக்க வேண்டும். "வலிக்கவே இல்லை" என்பது மேட்டில் உதவாது. உடம்புக்குத் தெரியும், வலிக்கிறது. முதல் கிலோமீட்டரிலேயே "வந்தாச்சு, வந்தாச்சு" என்று ஆரம்பித்தால் மூன்றாவது கிலோமீட்டரில் அந்தச் சொல்லை மனசே நம்பாது. "அடுத்த வளைவுவரை" என்பது நல்ல சொல். வளைவு உண்மையிலேயே வரும்.

பாட்டின் கதை கொஞ்சம் வேறு. லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் காராஜியார்கிஸ் பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறவர். அவரும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பாட்டின் தாளத்தோடு கால் ஒத்துப்போனபோது அதே வேலைக்கு 7 சதவீத அளவுக்கு ஆக்சிஜன் குறைவாகச் செலவானது. ஒப்பிட்டது, தாளம் சற்றுப் பிந்திய பாட்டோடு. மிதியில் தடுமாற்றம் குறைய, வீண் விசையும் குறைகிறது. மிதமான உழைப்பில் பாட்டு களைப்பை மறக்கடிக்கவும் செய்யும். ஆனால் உடம்பின் திறனில் முக்கால் பங்கைத் தாண்டி உழைக்கும்போது மூச்சும் தொடை எரிச்சலும் கவனம் முழுவதையும் பறித்துக்கொள்கின்றன. அந்தக் கட்டத்தில் எவ்வளவு பிடித்த பாட்டும் தூரத்தில் எங்கோ ஒலிப்பதுபோல் ஆகிவிடும்.

மைசூரு சைக்கிள்காரர்களுக்கு இது புரியும் இடம் கல்லட்டி. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டுலுப்பேட்டை வழியாகச் சாலை நீண்டு கிடக்கும். 2008 டிசம்பரில் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணத்துக்கு மைசூரு பழகிய தங்கல். அதன் பெயர்போன சோதனை மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். குண்டுலுப்பேட்டைவரை எந்தப் பாட்டும் ஒத்துவரும். 'படையப்பா' படத்துப் பாட்டோ, ராஜ்குமாரின் பழைய கன்னடப் பாட்டோ, சமதரையில் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சுற்று சுழலும் காலுக்கு வேகமான தாளம் பிடிக்கும். கல்லட்டியில் அதே கால் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றைக்கூட எட்டாது. துள்ளிசையை நினைத்தால் கால் தாளத்தைத் துரத்தித் தோற்கும், மூச்சு கலைந்துவிடும். அங்கே பல்லவி போய், சரணம் போய், கடைசியில் வாயில் மிஞ்சுவது வளைவின் எண் மட்டும். பதினொன்று. பதினொன்று. பதினொன்று. பிறகு பன்னிரண்டு. வளைவில் நிற்கும் எண் பலகையை எட்டிய பிறகுதான் அடுத்த எண்ணைச் சொல்லலாம் என்பது ஏறுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம்.

நம் முன்னோர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்கள் சால் எண்ணிக்கையைப் பாட்டிலேயே கோத்துப் பாடினார்கள். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் ஆச்சு, மேலே மிதிப்பவருக்கும் கீழே சால் பிடிப்பவருக்கும் ஒரே தாளமும் ஆச்சு. ஏற்றக்காரர் பாதியில் நிறுத்திவிட்டுப் போன ஓர் அடிக்கு அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் யோசித்து, மறுநாள் காலையில் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று ஒரு கதை உண்டு. பாட்டுக்குச் சொந்தக்காரர் வேலை செய்கிறவர்தான் என்பதால் எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். நடவு, படகு, பழனி மலை, சபரிமலை என்று மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் நம்மிடம் குரல் இருந்திருக்கிறது. ஒருவர் முதலில் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். சைக்கிள் குழுக்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் போகிறவர் வளைவின் எண்ணைக் கத்தினால், பின்னால் வருகிறவர் பதில் கொடுக்கட்டும். பதில் வராவிட்டால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றும் தெரிந்துவிடும்.

ஆகவே காதில் இயர்போன் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நஞ்சன்கூடு சாலையில் பின்னால் வரும் லாரியின் ஹாரன், சாமுண்டி வளைவில் திரும்பும் பஸ்ஸின் உறுமல், காட்டுச் சாலை ஓரத்தில் மூங்கில் முறியும் சத்தம், எல்லாமே காது கேட்டுச் சொல்லவேண்டிய சேதிகள். பாட்டு வாயில் இருந்தால் காது காலியாக இருக்கும். வாயில் பாடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு வரியை முழுதாகப் பாட முடிந்தால் உங்கள் உழைப்பு இலேசானது. சொல் சொல்லாகத் தெறித்தால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள், கியரைக் குறைக்க வேண்டும்.

மலைக்குப் போகும் நாளன்று சொல் தேடாதீர்கள். மைசூரு ரிங் ரோட்டில், குக்கரஹள்ளி ஏரிப் பக்கம், சாதாரண காலைகளில் அந்தச் சொல்லைக் காலோடு பழக்குங்கள். இரண்டு அல்லது மூன்று அசை, வலது கால் இறங்கும்போது அழுத்தம்.

இறங்கும்போது அது எதுவும் வேண்டாம். கல்லட்டியில் விபத்துகள் மலிந்துபோய் வெளியூர் வண்டிகள் கீழே இறங்குவதற்கே கட்டுப்பாடு வந்தது. சாமுண்டி சாலையில் குரங்குகள் திடீரென்று குறுக்கே பாயும், காலையில் வளைவுகள் ஈரமாக இருக்கும். பாட்டை, எண்ணை, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டு பிரேக்கிலும் விரலை வைத்துக்கொண்டு, அடுத்த வளைவைப் பார்த்து இறங்குங்கள்.