“இப்பதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்”: வீடு மறுப்பதில் எது குற்றம்?

விழுப்புரத்தில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடம். “சொந்த ஊரு எது?” ஊரைச் சொன்னால், “அங்க எந்தத் தெரு?” அதிலும் பிடி கிடைக்கவில்லை என்றால், “ஊரா, காலனியா?” இன்னும் நாசூக்கானவர்கள் குலதெய்வத்தைக் கேட்பார்கள், அப்பா பெயரைக் கேட்பார்கள். பதில் வந்ததும் குரல் மாறும். “வீட்ல கலந்துகிட்டுச் சொல்றேன்.” சாயங்காலம் போன் செய்தால், “இப்பதான் ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டோம்.” அடுத்த வாரம் அந்த வழியாகப் போனால் கேட்டில் டு-லெட் போர்டு அப்படியே தொங்கும்.

ரயில்வே ஜங்ஷன், அரசுப் போக்குவரத்துக் கழகத் தலைமையகம், நீதிமன்றங்கள், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி என்று விழுப்புரத்துக்கு வேலை மாற்றலாகி வருபவர்கள் ஏராளம். திண்டிவனத்திலும் சார் ஆட்சியர் அலுவலகமும் கோவிந்தசாமி அரசுக் கலைக் கல்லூரியும் சிப்காட்டும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவருகின்றன. சம்பளச் சான்று கையில் இருக்கிறது, கேட்ட அட்வான்ஸைத் தரத் தயார், ஆனாலும் வீடு கிடைப்பதில்லை. இப்படி மறுக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் இதைத் தலைவிதி என்று எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். சாதி பார்த்து வீடு மறுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பது மறுப்பவருக்கும் தெரியவில்லை, மறுக்கப்பட்டவருக்கும் தெரியவில்லை.

யார் எங்கே குடியிருக்கலாம் என்பதற்கு இந்த மாவட்டத்தில் கொடிய வரலாறு உண்டு. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். வானூர் அருகே கொழுவாரியில் கட்டப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2022 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்பது சமத்துவபுரங்களின் கணக்கு. பல சாதியினர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்க அரசே தனியாக ஒரு குடியிருப்பு கட்டவேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. வீட்டுக்காரர்களின் கேள்வியிலிருந்தும் அது போக வேண்டும்.

“என் வீடு, என் இஷ்டம்” என்பார்கள். பாதி உண்மை. வாடகை கட்ட முடியாதவருக்கு மறுக்கலாம். சிறிய போர்ஷனுக்கு எட்டுப் பேர் வந்தால் மறுக்கலாம். நாய் வளர்ப்பவர் வேண்டாம் என்கலாம். ஆனால் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது, அதை அரசாங்கத்துக்கு மட்டும் சொல்லவில்லை. தனி மனிதரையும் அது கட்டுப்படுத்தும். அதன்கீழ் வந்த 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதை, வாங்குவதை, குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரில் தடுத்தால் குற்றம் என்று 4ஆவது பிரிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். 7ஆவது பிரிவு ‘புறக்கணிப்பு’ எது என்று விளக்கும்போது, வீட்டையோ நிலத்தையோ வாடகைக்குத் தர மறுப்பதைத்தான் முதலில் சொல்கிறது.

“சாதிக்காகத்தான் மறுத்தார் என்று எப்படி நிரூபிப்பது?” என்று கேட்டே பலர் பின்வாங்குகிறார்கள். அதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, குற்றமாகும் அந்தச் செயல் நடந்திருந்தால், அது தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது. எனக்குத் தெரிந்து இந்தச் சட்டத்தில் இதைவிட வலுவான, இதைவிடக் குறைவாகப் பயன்படுத்தப்பட்ட வரி வேறு இல்லை.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் அப்படிச் செய்வேன் என்று மிரட்டுவதும் குற்றம். வழக்கமான தொழில் நடைமுறையில் எல்லோருக்கும் செய்வதை ஒருவருக்கு மட்டும் செய்ய மறுப்பதும் அந்த விளக்கத்துக்குள் வரும். ஒரே ஒரு வீட்டை மறுத்தது இதில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். குடியிருப்பவரை வீட்டைவிட்டு, ஊரைவிட்டு ஓடவைப்பதும், பிறர் முன்னிலையில் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதும் அடங்கும் என்பதில் சந்தேகமே இல்லை. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை.

தலித் கிறித்தவக் குடும்பங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதம் மாறியதால் பட்டியல் சாதிச் சான்று இல்லாதவர்களுக்கு 1989 சட்டம் கைகொடுக்காது. 1955 சட்டத்தின் 4ஆவது பிரிவோ ‘எந்த நபரையும்’ என்றுதான் சொல்கிறது. 12ஆவது பிரிவின் அனுமானம் கிடைக்காமல் போகலாம், ஆனால் புகார் கொடுக்கும் உரிமை போகாது.

சரி, எப்படி அடையாளம் காண்பது? முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு செவிலியர் சாலாமேட்டில் ஒரு வீட்டைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை பேசியாகிவிட்டது. சாதி தெரிந்த பிறகு வீடு ‘போய்விடுகிறது’. அன்றைக்கே வேறு சாதியைச் சேர்ந்த தோழி ஒருவர் அதே எண்ணுக்குப் போன் செய்து, அதே சம்பளம், அதே ஆள் கணக்கு சொல்லிக் கேட்கட்டும். “வந்து பாருங்க” என்று பதில் வந்தால், மறுப்பின் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் 1968இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டத்தை அமல்படுத்த, இப்படிச் சோடியாக அனுப்பப்பட்ட சோதனையாளர்கள் பெரிதும் உதவினார்கள். டெல்லிப் பகுதியில் 2012இல் சுகதேவ் தோரட் குழுவினர் நடத்திய ஆய்விலும் மேல்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் வீடு கேட்டுப் பார்த்தார்கள். பெயரை வைத்தே பதில் மாறியது பதிவாகியிருக்கிறது.

மறுப்பு எப்போதும் ‘இல்லை’ என்ற சொல்லாக வருவதில்லை. மற்றவருக்கு இரண்டு மாத அட்வான்ஸ், உங்களுக்குப் பத்து மாதம். மற்றவர் கிணற்றில் இறைக்கலாம், நீங்கள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். புரோக்கர் உங்களை மட்டும் குறிப்பிட்ட சில தெருக்களுக்கே அழைத்துப்போகிறார். இவையும் பாகுபாடுதான். ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனையைத் தனியாகத் தடைசெய்யும் சட்டம் இல்லை. ஆனால் கறி சமைக்கும் இன்னொரு சாதிக் குடும்பம் மாடியில் இருக்கும்போது உங்களிடம் மட்டும் அதைச் சொன்னால், சோற்றைப் பற்றிய பேச்சு அல்ல அது.

மனை வாங்குவதிலும் இதே கதை. “லே-அவுட் முழுக்க நம்ம ஆளுங்கதான் சார்” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், யாருக்கோ விற்க மறுத்ததைத்தான் அவர் சொல்கிறார். பஞ்சமி நிலம் வேறு விஷயம். ஆங்கிலேயர் காலத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தை மற்றவர் வாங்கக் கூடாது என்பது அவர்களைக் காக்கும் நிபந்தனை. மனை வாங்குமுன் வில்லங்கச் சான்றோடு பழைய ‘அ’ பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். திண்டிவனம் சுற்றுவட்டார இருளர்களின் நிலை இன்னும் மோசம். பட்டா கொடுத்த இடத்தில் குடிசை போட விடாமல் தடுப்பதும் 1989 சட்டப்படி குற்றமே. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இவர்களுக்காகப் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறது.

முஸ்லிம் என்பதற்காக, தனியாக வாழும் பெண் என்பதற்காகத் தனியார் வீடு மறுக்கப்பட்டால் நேரடியாகத் தண்டிக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு அரசைக் கட்டுப்படுத்தும். வீட்டுவசதி வாரியம் மதம் பார்க்க முடியாது. ஆனால் தனியாரும் பாகுபாடு காட்டக் கூடாத இடங்களாக அந்தப் பிரிவில் கடை, உணவகம், கிணறு, சாலை எல்லாம் பெயர் சொல்லப்பட்டிருக்க, வாடகை வீடு இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தந்த குஜராத் வீட்டுவசதிச் சங்க விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. இந்த ஓட்டையை அடைக்க 2017இல் மக்களவையில் அறிமுகமான தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. இது அநியாயம், சட்டம் வந்தே ஆக வேண்டும். அதுவரை மாநிலச் சிறுபான்மையினர் ஆணையம், மகளிர் ஆணையம் ஆகியவற்றில் மனு கொடுக்கலாம்.

திருநங்கைகளுக்கு 2019 சட்டம் இருக்கிறது. வீட்டில் வசிக்க, வாங்க, வாடகைக்கு எடுக்க அவர்களுக்கு மறுப்பதை 3ஆவது பிரிவு தடைசெய்கிறது. குடியிருப்பிலிருந்து விரட்டினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. ஒவ்வொரு சித்திரையிலும் கூவாகம் திருவிழாவுக்கு வருபவர்களால் விழுப்புரத்து லாட்ஜ்கள் நிரம்பி வழிகின்றன. அந்த ஒரு வாரம் அறை கொடுக்கும் ஊர், மீதி நாளில் வீடு கொடுக்க வேண்டாமா? எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு வீடு மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

குடிவந்த பிறகு சாதி தெரிந்து தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்கீழ் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் போகலாம். அதற்கு எழுத்து ஒப்பந்தம் இருப்பது பெரிய பலம்.

புகார் கொடுக்க முடிவு செய்தால் முதல் வேலை ஆதாரம். டு-லெட் போர்டைத் தேதியோடு படமெடுங்கள். புரோக்கரின் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். சொன்ன வார்த்தையை அன்றிரவே எழுதிவையுங்கள். 1989 சட்டப்படியான புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய முன்விசாரணை தேவையில்லை என்கிறது 18அ பிரிவு. துணைக் கண்காணிப்பாளர்தான் விசாரிக்க வேண்டும். காவல் நிலையம் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடமை தவறும் அரசு ஊழியருக்கும் அதே சட்டத்தின் 4ஆவது பிரிவில் தண்டனை உண்டு. 14566 என்ற வன்கொடுமை உதவி எண்ணுக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போகலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் வழக்கறிஞர் இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், எண் 15100.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, தெருவுல பேசுவாங்க” என்று பலர் சொல்வது பொய்யல்ல. தலித் குடும்பத்துக்கு வீடு கொடுத்ததற்காகச் சொந்தச் சாதிக்காரர்களே நல்லது கெட்டதுக்கு அழைக்காமல் ஒதுக்குவது நடக்கிறது. 1955 சட்டத்தின் 7ஆவது பிரிவு அதையும் பார்த்திருக்கிறது. தீண்டாமை பாராட்ட மறுத்த ஒருவரை அவரது சமூகத்தார் விலக்கிவைத்தால், விலக்கியவர்கள் குற்றவாளிகள். வீடு கொடுத்தவரும் காவல் நிலையத்துக்குப் போகலாம், அவர் பெயரிலேயே புகார் எழுதலாம்.