பேரிடருக்கு முன்பே நிரம்பும் உண்டியல்

எங்காவது பெரிய நிலநடுக்கமோ புயலோ வந்தால், ஓரிரு நாளுக்குள் யூத அமைப்புகள் நிவாரண நிதி திரட்டத் தொடங்கிவிடுகின்றன. 2004 ஆழிப்பேரலை, 2010 ஹைட்டி நிலநடுக்கம், 2015 நேபாள நிலநடுக்கம், 2023 துருக்கி–சிரியா நிலநடுக்கம் என எல்லாவற்றிலும் இதைப் பார்த்தோம். உலகம் முழுவதும் யூதர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர்தான். இவ்வளவு சிறிய சமூகம் இத்தனை விரைவாகக் கைகொடுப்பது எப்படி?

‘அவர்களிடம் பணம் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோர் உண்டு. ஆனால் பெரும்பாலான யூதர்கள் ஏழைகளாகவும் அகதிகளாகவும் வாழ்ந்த நூற்றாண்டுகளிலும் இந்த உதவி நடந்திருக்கிறது. அதற்கு அடிப்படை, கொடுப்பதை அன்றாட வழக்கமாக்கி, அதற்குச் சட்டமும் பொறுப்பாளர்களும் கணக்கும் ஏற்படுத்திய ஒரு பழைய ஏற்பாடு.

கடமையாக அமைந்த ஈகை

யூத மரபில் இந்த ஈகைக்குச் செதாக்கா என்று பெயர். மனம் இளகினால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்ற இடம் அதில் இல்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம் என்று பழங்கால ரபிகள், அதாவது யூதச் சமய அறிஞர்கள், மேல் வரம்பும் வைத்தார்கள். இன்று அள்ளிக் கொடுத்தவர் நாளை கையேந்தி நிற்கக்கூடாது என்ற கவலையே அதற்குக் காரணம். பிறர் கொடுப்பதை நம்பி வாழும் ஏழையும் தன்னால் ஆனதைக் கொடுக்கவேண்டும். இதனால் வாங்குபவர் என்றே ஒருவரும் ஒதுக்கிவைக்கப்படுவதில்லை.

இந்தப் பழக்கம் வீட்டிலேயே தொடங்குகிறது. கிழக்கு ஐரோப்பிய யூத வீடுகளில் புஷ்கே என்னும் சிறு தகர உண்டியல் இருக்கும். வெள்ளி மாலை, ஓய்வுநாளுக்கான விளக்கை ஏற்றுவதற்கு முன் அதில் காசு போடுவார்கள். ஓய்வுநாளில் பணத்தைத் தொடக்கூடாது என்பதால் முன்கூட்டியே போட்டுவிடுவது வழக்கம். குழந்தைகள் எண்ணப் பழகும் முன்பே கொடுக்கப் பழகிவிடுகிறார்கள்.

இருவர் வசூலிக்க, மூவர் பங்கிட

வீட்டு உண்டியலுக்கு மேலே ஊருக்கென்று ஒரு பொது நிதி இருந்தது. அதன் பெயர் கூப்பா. வாரம்தோறும் வசூலித்து, ஏழைகளுக்கு ஒரு வாரச் செலவுக்கான பணத்தை வெள்ளிக்கிழமை கொடுப்பார்கள். தம்ஹூய் என்ற இன்னோர் ஏற்பாடு, அன்றைக்குப் பசித்து வந்தவருக்கு அன்றைக்கே உணவு கொடுத்தது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பிலேயே இதற்கான விதி இருக்கிறது. பொது நிதியை இருவர் சேர்ந்து வசூலிக்கவேண்டும், மூவர் சேர்ந்து பங்கிடவேண்டும். ஊர்ப் பணத்தின் மீதான அதிகாரம் தனி ஒருவர் கையில் இருக்கலாகாது. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது தீர்ப்பு சொல்வதைப் போன்றது, ஆகவே நீதிமன்றத்துக்கு உரிய மூவர் வேண்டும்.

இன்னொரு விதி பேரிடர் காலத்துக்கென்றே எழுதியது போலத் தோன்றும். உடை கேட்டு வருபவரைப் பற்றி விசாரிக்கலாம். பசி என்று வருபவரை விசாரிக்காமல் உடனே உணவளிக்கவேண்டும். வெள்ளத்தில் குடும்ப அட்டையைப் பறிகொடுத்தவரிடம் அதையே கேட்டு வரிசையில் நிறுத்தும் அவலத்தை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடீஸ், பொது நிதி இல்லாத யூத ஊரைத் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று பதிவு செய்திருக்கிறார். அவர் வாழ்ந்த பழைய கெய்ரோவின் ஜெப ஆலயத்தில், பழைய தாள்களைப் போட்டுவைக்கும் கெனிசா என்ற அறையில் கிடைத்த ஆவணங்கள் அதற்குச் சான்று. ரொட்டி வாங்கிய விதவைகள், கண் தெரியாதவர்கள், வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த அகதிகள் எனப் பெயர்ப் பட்டியல்கள் அவற்றில் இருக்கின்றன. கொடுத்தவர்களின் பட்டியலும் இருக்கிறது. 1099-இல் சிலுவைப் போர்ப் படை எருசலேமைப் பிடித்த பிறகு, பிடிபட்டவர்களை மீட்கப் பணம் கேட்டு அஸ்கலான் நகரிலிருந்து எகிப்துக்கு எழுதிய கடிதமும் அந்தக் குவியலில் கிடைத்தது. அன்றாட ஏழைக்கான வலைப்பின்னல்தான் அவசரத்துக்கும் உதவியது.

ஒரு தந்தியில் பிறந்த அமைப்பு

1837 ஜனவரி 1 அன்று கலிலேயாவில் ஏற்பட்ட நிலநடுக்கம் சாஃபத், திபேரியா ஆகிய ஊர்களைச் சிதைத்தது. சாஃபத்தின் யூதக் குடியிருப்பு செங்குத்தான மலைச்சரிவில் இருந்ததால், மேல் வீடுகள் கீழ் வீடுகளின் மீது சரிந்து ஏராளமானோர் இறந்தார்கள். உதவி கேட்டு ஐரோப்பிய யூதச் சமூகங்களுக்குக் கடிதங்கள் போயின. லண்டனைச் சேர்ந்த மோசஸ் மான்டிஃபியோர் 1839-இல் நேரிலேயே சென்று உதவினார். அந்தக் காலத்தில் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கானது.

1914-இல் ஒரு தந்தியே போதுமானதாக இருந்தது. முதல் உலகப் போர் மூண்டதும், ஐரோப்பாவிலிருந்து வந்த காணிக்கையை நம்பி வாழ்ந்த பாலஸ்தீனத்து யூதர்களுக்கு அது நின்றுபோனது. உஸ்மானியப் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தாவ், ஆகஸ்ட் 31 அன்று நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃபுக்குத் தந்தி அடித்து 50,000 டாலர் கேட்டார். பணம் விரைவில் சேர்ந்தது. வைதிக யூதர்கள், வசதியான குடும்பங்கள், தொழிலாளர்கள் என்று தனித்தனியே வசூலித்த குழுக்கள், திரட்டிய பணத்தை ஒன்றாகப் பங்கிட ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. அதுவே இன்று ஜே.டி.சி. என்று அறியப்படும் அமைப்பு. சமயக் கருத்திலும் அரசியலிலும் ஒத்துப்போகாதவர்கள் நிவாரணத்தில் மட்டும் ஒரே கணக்கில் சேர்ந்தார்கள். இன்றுவரை தொடரும் பழக்கம் இது.

வசூலும் ஒரே இடத்துக்கு வந்தது. 1895-இல் பாஸ்டன் நகர யூத அறநிலையங்கள் ஒரே கூட்டமைப்பாகத் திரண்டன. மருத்துவமனை, அனாதை இல்லம், முதியோர் இல்லம் என ஒவ்வொன்றும் தனித்தனியே வாசல் தட்டுவதற்குப் பதிலாக, ஆண்டுக்கொரு பொது வசூல் நடந்தது. பிற நகரங்களும் அதைப் பின்பற்றின. வட அமெரிக்காவில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட யூதக் கூட்டமைப்புகள் உள்ளன. எங்காவது பேரிடர் என்றால் அலுவலகம், கொடையாளர் பட்டியல், கணக்குப் பிரிவு எல்லாம் ஏற்கெனவே தயார். புதிதாகக் கட்டவேண்டியது எதுவும் இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, அங்கிருந்து வெளியேறிய யூதக் குடும்பங்களுக்கு ஹூஸ்டன் யூதர்கள் இடம் கொடுத்தார்கள். 2017-இல் ஹார்வி புயலின் மழை ஹூஸ்டனையே மூழ்கடித்தது. யூதர்கள் நிறைந்த மேயர்லேண்ட் பகுதி மூன்றே ஆண்டுகளில் மூன்றாவது முறையாக வெள்ளத்தில் சிக்கியது. சமூகக் கூடத்துக்குள்ளும் ஜெப ஆலயங்களுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. டாலஸிலிருந்து கோஷர் உணவு, அதாவது யூதச் சமய விதிப்படி சமைத்த உணவு, ஹூஸ்டனுக்குப் போனது. பொது நிவாரண முகாமில் தரும் உணவைச் சாப்பிட முடியாத குடும்பங்களுக்கு இது பெரும் உதவி.

தொண்டர்களின் வேலை பெரும்பாலும் சேற்றில்தான். 1996-இல் மின்னசோட்டாவில் தொடங்கிய நெஹாமா என்ற அமைப்பு, வெள்ளம் வடிந்த வீடுகளில் சேற்றை அள்ளவும், ஊறிப்போன சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தெடுக்கவும் தொண்டர்களை அனுப்பியது. அந்த வீடு யூதருடையதா என்று அது பார்த்ததில்லை.

மைமோனிடீஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று இருவருக்கும் தெரியாமல் கொடுப்பது அவற்றுள் உயர்ந்த ஒன்று. அதற்கும் மேலான படி, கடன் கொடுத்தோ கூட்டு சேர்ந்தோ வேலை தந்தோ ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கவைப்பது. வட்டியில்லாக் கடன் சங்கங்கள் இந்தக் கருத்திலிருந்து வந்தவை. நியூயார்க்கில் 1892 முதல் அப்படியொரு சங்கம் இயங்குகிறது. 2012-இல் சாண்டி புயல் அடித்த பிறகு, வீட்டைப் பழுதுபார்க்கவும் கடையை மீண்டும் திறக்கவும் அது கடன் கொடுத்தது. சோற்றுப் பொட்டலம் முதல் வாரத்துக்கு உதவும். ஆறு மாதம் கழித்துக் கடையைத் திறக்க நினைப்பவருக்கு இத்தகைய கடன்தான் கைகொடுக்கும்.

தன்னவருக்கா, எல்லாருக்குமா?

இது யூதர்களுக்குள்ளேயே நெடுங்காலமாக நடக்கும் விவாதம். உறவினர் முதலில், பிறகு சொந்த ஊர், அதன்பின் வெளியூர் என்று சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. யூதரல்லாத ஏழைகளையும் யூத ஏழைகளோடு சேர்த்தே ஆதரிக்கவேண்டும் என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்மூத் நூல் சொல்கிறது. எல்லாரும் சமாதானமாக வாழ்வதற்கான வழி அது என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். நிதி குறைவாக இருக்கும்போது முதியோர் இல்லத்துக்கா, தொலைதூர நிலநடுக்கத்துக்கா என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டமைப்பின் கூட்டத்திலும் எழக்கூடியதே.

நடைமுறையில் இரண்டுக்கும் வழி செய்திருக்கிறார்கள். 1985-இல் தொடங்கிய அமெரிக்க யூத உலகச் சேவை அமைப்பு, எந்தச் சமயத்தவராயினும் ஏழை நாடுகளின் மக்களுக்கு உதவுவதற்கென்றே உருவானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்த அமைப்பும் ஜே.டி.சி.யும் இந்தியாவிலும் இலங்கையிலும் நிவாரணப் பணிக்கு நிதி கொடுத்தன. அமெரிக்க யூதக் குடும்பங்களின் பணம் உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் வழியாகக் கடலோர மக்களுக்கு வந்துசேர்ந்தது. பாதிக்கப்பட்ட ஊரின் தேவை அந்த ஊரில் வேலை செய்பவருக்கே நன்றாகத் தெரியும் என்ற புரிதல் இதில் இருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தொலைக்காட்சியில் வெள்ளத்தைப் பார்த்ததும் எழும் இரக்கம் உண்மையானது. ஆனால் அடுத்த செய்தி வந்ததும் அது தணிந்துவிடும். பாதிக்கப்பட்டவரின் தேவையோ பல மாதங்கள் நீடிக்கும். இந்த இடைவெளியை நிரப்ப ஒழுங்கு வேண்டும். சிறு தொகையைத் தவறாமல் கொடுப்பது, பணத்தை ஒருவர் கையில் விடாதிருப்பது, பசித்தவரிடம் சான்று கேட்காதிருப்பது, பிறகு அவர் எழுந்து நிற்கக் கடன் கொடுப்பது ஆகிய நான்கும் எந்த ஊருக்கும் எந்தச் சமயத்துக்கும் பொருந்தும். ஒரு குடியிருப்போர் சங்கமோ கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ இதை இந்த மாதமே தொடங்கலாம். பெரும் பணக்காரர் யாரும் தேவையில்லை. மாதந்தோறும் தவறாமல் கொடுக்கும் பலரும், கணக்கை எல்லார் முன்னும் வைக்கும் சிலரும் போதும்.