நாடுகளின் அரங்கம், புது தில்லி

நாடுகளின் அரங்கம் (ஹால் ஆஃப் நேஷன்ஸ்) என்பது புது தில்லி பிரகதி மைதானத்தில் 1972 முதல் 2017 வரை இருந்த கண்காட்சிக் கட்டடம் ஆகும். இந்திய விடுதலையின் 25ஆம் ஆண்டையொட்டி நடந்த 'ஆசியா 72' பன்னாட்டு வணிகக் கண்காட்சிக்காக இது கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால்; கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ்.

பின்னணி

பன்னாட்டுக் கண்காட்சிகளில் ஒரு நாடு பொருள்களை மட்டுமன்றி, 'நாங்கள் யார்' என்பதையும் காட்டுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதை முடிவு செய்யும் உரிமை இந்தியர்களிடம் இல்லை. 1851 இலண்டன் பெருங்கண்காட்சியில் கோகினூர் வைரம், திருவிதாங்கூர் மன்னர் அனுப்பிய தந்த அரியணை, நெசவுத் துணிகள் ஆகியவை இடம்பெற்றன. 1886 இலண்டன் கண்காட்சியில் ஆக்ரா சிறையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கைவினைஞர்களும் பார்வையாளர் முன் வேலை செய்தனர். இந்தியா பழமையான, அழகிய கைவேலைகளின் நாடு என்றே காட்டப்பட்டது. எந்திரத் தொழிலின் நாடாக இங்கிலாந்து தன்னைக் காட்டிக்கொண்டது.

கட்டுமானம்

1972இல் இந்தியா தானே விருந்தளிக்கும் நாடானது. 78 மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூண் இல்லாத அரங்கம் தேவைப்பட்டது. இதற்கு முப்பரிமாணச் சட்டகம் என்னும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது.

மூன்று குச்சிகளை முனைகளில் கட்டினால் அந்த முக்கோணம் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளைக் கட்டினால் சதுரம் சாய்ந்துவிடும். முப்பரிமாணச் சட்டகம் இத்தகைய முக்கோணங்களை எல்லாத் திசைகளிலும் இணைத்து, பாரத்தைப் பகிர்ந்து தாங்குகிறது.

வழக்கமாக இது எஃகால் அமைக்கப்படும். ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் எஃகுச் சட்டக் கூரைகளை இன்று எளிதாகக் காணலாம். அன்றோ எஃகுக்குத் தட்டுப்பாடு, தொழிலாளர்களுக்குக் குறைவில்லை. எனவே கம்பி கட்டி, அச்சுப்பலகை அடித்து, கான்கிரீட்டை அந்தந்த இடத்திலேயே வார்த்தனர். சுவரிலிருந்த முக்கோணத் திறப்புகள் பழைய ஜாலி வேலைப்பாட்டைப் போல வெயிலைத் தடுத்தன. உலகின் முதல் பெரிய கான்கிரீட் முப்பரிமாணச் சட்டகக் கட்டடமாக இது கருதப்பட்டது.

இடிப்பு

புதிய மாநாட்டு வளாகம் அமைப்பதற்காக 2017 ஏப்ரலில் இக்கட்டடம் இடிக்கப்பட்டது. கட்டடக் கலைஞர்கள் பலர் எதிர்த்தனர். ஆனால் 60 ஆண்டு நிறைந்த கட்டடங்களையே மரபுச் சின்னமாகக் கருத முடியும் என்று தில்லியின் மரபுப் பாதுகாப்புக் குழு கூறியது. அரங்கத்துக்கு வயது 45 மட்டுமே. அந்த வளாகத்தில் எழுந்த பாரத் மண்டபத்தில் 2023இல் ஜி-20 உச்சிமாநாடு நடந்தது.

ஒப்பீடு

1900 பாரிசு உலகக் கண்காட்சியில் கிரேக்க நாடு பைசாந்தியப் பாணியில் ஓர் அரங்கம் அமைத்தது. கண்காட்சி முடிந்ததும் அது பிரித்து ஏதென்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தேவாலயமாக மீண்டும் கட்டப்பட்டது. இன்றும் வழிபாட்டில் உள்ளது. சில மாதக் காட்சிக்காக எழுந்த அக்கட்டடம் நிலைத்துவிட்டது. நிலையாக நிற்க எழுப்பிய தில்லி அரங்கம் அரை நூற்றாண்டைக்கூட எட்டவில்லை. பழங்கோயில்களை மரபாக ஏற்கும் நாம், விடுதலைக்குப் பின் நம் தொழிலாளர் கைகளால் எழுந்தவற்றையும் மரபாகக் கருதுகிறோமா என்ற கேள்வியை இக்கட்டடத்தின் வரலாறு எழுப்புகிறது.