மான்களை உருக்கும் நோய்: எங்கிருந்து வந்தது?

தீவனம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. ஆனாலும் மான் நாளுக்கு நாள் மெலிகிறது. எச்சில் வடிய, தலையைத் தொங்கவிட்டு நின்று, கடைசியில் இறந்துவிடுகிறது. இதற்குப் பெயர் 'குரோனிக் வேஸ்டிங் டிசீஸ்'. இந்தியாவில் இது பதிவாகவில்லை. ஆனால், இதன் கதையில் கால்நடை வளர்க்கும் உங்களுக்கும் பாடம் உண்டு.

அமெரிக்காவின் கொலராடோவில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்களிடம் 1967-ல் இது முதலில் கவனிக்கப்பட்டது. 1978-ல் மூளையைச் சோதித்தபோது பஞ்சுபோலத் துளைகள் தெரிந்தன. மாடுகளுக்கு வரும் 'மேட் கவ்' நோயின் இனம்தான் இதுவும். காரணம் பாக்டீரியாவோ வைரஸோ அல்ல. உருமாறி மடிந்த 'பிரியான்' என்ற புரதம்.

முதல் மானுக்கு இது எப்படி வந்தது? இன்றுவரை விவாதம் ஓயவில்லை.

செம்மறி ஆட்டிலிருந்து: ஐரோப்பிய ஆடுகளில் 'ஸ்கிரேப்பி' என்ற பிரியான் நோய் 250 ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. அதை மானின் மூளையில் செலுத்திப் பார்த்தபோது மானுக்கும் நோய் வந்தது. ஆனால், அப்படி நடக்க முடியும் என்பதற்குத்தான் இது சான்று. அப்படித்தான் நடந்தது என்பதற்கு அல்ல.

தானாகவே: ஏதோ ஒரு மானின் உடலில் புரதம் தற்செயலாக உருமாறி, பிறகு மற்ற மான்களுக்குத் தொற்றியிருக்கலாம்.

காட்டிலிருந்து: காட்டு மான்களிடம் ஏற்கெனவே இருந்து, பிடித்து வந்த மான்களோடு பட்டிக்குள் நுழைந்திருக்கலாம். கொலராடோவில் காட்டு எல்க் மானிடம் இது 1981-ல் உறுதியானது. ஆனால், அதற்கு முன் காட்டில் யாரும் தேடிப் பார்க்கவில்லை.

2016-ல் நார்வேயின் துருவ மான்களிடமும் இது தென்பட்டது. அங்குள்ள பிரியான் வகை அமெரிக்க வகையிலிருந்து வேறுபட்டது. எனவே நோய் ஒரே இடத்தில்தான் தோன்றியது என்றும் சொல்ல முடியாது.

பரவும் வழியில் மட்டும் சந்தேகமில்லை. கனடாவிலிருந்து வாங்கிய எல்க் மான்களோடு இது தென் கொரியாவுக்குப் போனது. எச்சில், சிறுநீர், சாணம், இறந்த உடல் வழியாகப் பரவும். மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நார்வேயில் ஒரு பகுதியின் 2,000-க்கும் மேற்பட்ட துருவ மான்களை மொத்தமாகக் கொன்றார்கள். அப்படியும் 2020-ல் பக்கத்துப் பகுதியில் நோய் தெரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* புதிதாக வாங்கிய ஆடு, மாடுகளை உடனே மந்தையில் சேர்க்காதீர்கள். சில வாரங்கள் தனியே கட்டிக் கவனியுங்கள்.
* நன்றாகத் தின்றும் மெலியும் கால்நடையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.
* ஆடு, மாடுகளுக்கு இறைச்சி, எலும்புத்தூள் கலந்த தீவனம் வேண்டாம். 'மேட் கவ்' பரவியது அந்த வழியில்தான்.
* காரணம் தெரியாமல் இறந்த கால்நடையைத் திறந்தவெளியில் வீசாதீர்கள்.

நோய் எங்கே பிறந்தது என்பதை ஆய்வாளர்கள் தேடட்டும்; அது உங்கள் பட்டிக்குள் நுழையும் வழியை நீங்கள் அடையுங்கள்.