ஏழில் ஒரு பங்கு எண்ணெய்

2014 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. ஒரே அறிவிப்பில் நைஜீரியாவின் ஜிடிபி 89 சதவீதம் கூடி, சுமார் 51,000 கோடி டாலரானது. தென்னாப்பிரிக்காவைப் பின்னுக்குத் தள்ளி, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம் என்ற பெயரும் வந்து சேர்ந்தது. அன்று மாறியது கணக்கின் அடிப்படை ஆண்டு: 1990-லிருந்து 2010-க்கு.

இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. எந்தத் துறைக்கு எவ்வளவு எடை என்பதை அடிப்படை ஆண்டுதான் தீர்மானிக்கிறது. நைஜீரியாவில் செல்போன் சேவைக்கான உரிமங்கள் ஏலம் போனதே 2001-ல்தான். 'நாலிவுட்' படத்தொழில் தலையெடுத்ததும் தொண்ணூறுகளில். பழைய எடைகளை வைத்து அளந்தால் இவையெல்லாம் எப்படிக் கண்ணில் படும்? ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாமல் கிடந்த தொலைத்தொடர்பின் பங்கு, புதிய கணக்கில் 9 சதவீதத்தை நெருங்கியது. சேவைத் துறை மொத்தமும் பாதியைப் பிடித்தது. எண்ணெய், எரிவாயுவின் பங்கோ சுமார் 32 சதவீதத்திலிருந்து 14-க்கு இறங்கியது.

ஏழில் ஒரு பங்குதானே, எண்ணெயின் பிடி தளர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். எனக்கு இந்தக் கணக்கில் சந்தேகம் வருவதே இங்கேதான். அன்று அந்த ஏழில் ஒரு பங்குதான் ஏற்றுமதி வருவாயில் 90 சதவீதத்துக்கும் மேல். அரசின் வருமானத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். லாகோஸ் நகரத்து முடிதிருத்தும் கடையும் சந்தை வியாபாரமும் ஜிடிபியில் சேரும். டாலர் கொண்டுவராது, கஜானாவுக்குப் பெரிதாக வரியும் போகாது.

சோதனை சீக்கிரமே வந்தது. 2014 ஜூனில் 110 டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய் விலை, 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. போதாததற்கு நைஜர் டெல்டாவில் ஆயுதக் குழுக்கள் எண்ணெய்க் குழாய்களைத் தகர்த்தன. டாலருக்குத் தட்டுப்பாடு, மூலப்பொருளும் உதிரிபாகமும் இறக்குமதி செய்ய முடியாமல் ஆலைகள் தவித்தன. எண்ணெய் அல்லாத துறைகளும் சேர்ந்தே சுருங்கின. 2016-ல் பொருளாதாரம் 1.6 சதவீதம் சரிந்தது; கால் நூற்றாண்டில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

2025 ஜூலையில் அடிப்படை ஆண்டு மறுபடியும் மாறியது, இம்முறை 2019. துறைகளில் ரியல் எஸ்டேட் கச்சா எண்ணெயை முந்தி மூன்றாம் இடத்துக்கு வந்தது. ஆனால் 2023-ல் நாட்டின் நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டபின், 2024-ன் ஜிடிபி டாலரில் சுமார் 24,300 கோடிதான். 2014-ல் அறிவித்த அளவில் பாதிகூட இல்லை. ஏற்றுமதியில் மட்டும் எண்ணெயும் எரிவாயுவும் இன்னமும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல்.