மழை விட்டும் காய்ச்சல் விடவில்லை

“ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிறது. டெங்கு வார்டுகள் நிரம்புவது மார்கழியிலும் தையிலும். இடையில் அந்த நோய் எங்கே ஒளிந்திருக்கிறது?” யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அண்மைக்காலத்தில் டெங்கு பற்றி எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் ஆகச் சிறந்தது.

இலங்கையில் டெங்கு மழையின் பின்னால்தான் நடக்கிறது, ஆனால் சில வாரங்கள் பிந்தி நடக்கிறது. தென்மேல் பருவமழை தொடங்கியபின் ஜூன், ஜூலையில் கொழும்பு, கம்பஹா பக்கம் ஓர் உச்சம். ஆண்டுக் கடைசியை ஒட்டி இன்னொன்று. யாழ்ப்பாணத்துக்கு வடகீழ் மழைதான் பெருமழை. அங்கே பெரிய உச்சமும் ஒன்றுதான்.

இடைவெளியின் முதற் பகுதி எளிது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தண்ணீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் ஒட்டிவிடுகிறது. அந்த முட்டை காய்ந்தபடியே பல மாதம் கிடக்கும். மழை பெய்து நீர் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிக்கும். அங்கிருந்து எட்டுப் பத்து நாளில் பறக்கும் நுளம்பு.

அந்தப் புது நுளம்பு நிரபராதி. முட்டையிலிருந்தே வைரஸைக் கொண்டுவருவது மிக அரிது. அது டெங்குக் காய்ச்சல்காரர் ஒருவரின் இரத்தத்தைக் குடிக்க வேண்டும். குடித்தாலும் உடனே அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. இரத்தத்தோடு போன வைரஸ் நுளம்பின் குடற்சுவருக்குள் புகுந்து, அங்கே பெருகி, உடலறைக்குள் கசிந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். அதுவரை அந்த நுளம்பு கடித்தால் தடிப்பு மட்டுமே மிஞ்சும்.

அந்தப் பயணம் எத்தனை நாள்? அதை வெப்பம் தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியஸில் சராசரியாக 15 நாள். 30 பாகையில் ஆறரை நாள். தோசைமா புளிப்பது போலத்தான். பங்குனி வெக்கையில் இரவு அரைத்த மா விடியுமுன் பானையை விட்டு வழியும். மார்கழிக் குளிரில் அதே மா விடிந்தும் அசையாமல் கிடக்கும்.

இந்தப் பானைக்கு ஒரு தொல்லை உண்டு: அது உடையும் பானை. நுளம்பின் ஆயுள் இரண்டு, மூன்று வாரம். நூறு பானையில் மா வைக்கிறோம், மிஞ்சியவற்றில் பத்தில் ஒன்று தினமும் உடைகிறது என்று வையுங்கள். 25 பாகையில் மா பொங்கும் நாளில் ஏறத்தாழ 20 பானைதான் மிச்சம். 30 பாகையில் 50. வெப்பம் ஐந்து பாகை ஏறியதற்கு ஆபத்தான நுளம்பு இரண்டரை மடங்கு. ஒருமுறை பொங்கிய மா தீர்வதுமில்லை. பானை உடையும்வரை, கடிக்கு ஒரு தோசையாக வார்த்துக்கொண்டே இருக்கும். ஆக, நமக்கு டெங்கு தருவது கிழட்டு நுளம்பு. எனக்கு இந்த நோயில் அலுக்காத வியப்பு இதுதான்.

நுவரெலியாவில் டெங்கு ஏன் குறைவு என்பதும் இதிலேயே விளங்கும். 16 பாகைக் குளிரில் மா புளிப்பதற்குள் பானை போய்விடும். வெப்பம் எல்லை மீறினாலும் பானை முந்திக்கொண்டு உடையும்.

இனிக் கூட்டிப் பாருங்கள். முட்டை நுளம்பாக ஒன்றரை வாரம், நுளம்புக்குள் வைரஸ் முதிர இன்னொன்றரை வாரம், மனித உடலில் காய்ச்சல் தலைகாட்ட ஆறு நாள். ஒரு சுற்றே ஒரு மாதம். முதற் சுற்றில் அகப்படுவோர் சிலர். இரண்டாம் சுற்றில்தான் வார்டு நிரம்பும். ஐப்பசி மழைக்கு மார்கழிக் காய்ச்சல். அந்த வாசகிக்கு இதுவே பதில்.

சரித்திரம் கொஞ்சம். டெங்கு நுளம்புக்குள் இப்படிக் காத்திருக்கிறது என்பதை 1920களில் மணிலாவில் அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் தொண்டர்களை நுளம்புக்குக் கடிக்கக் கொடுத்துக் கண்டார்கள். இலங்கையில் டெங்கு 1962இல் உறுதியானது. 2016இல் நாடு மலேரியா அற்றதென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டே வரலாறு காணாத டெங்கு.

அந்த 2017ஐ, டெங்குவை முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்று மென்பொருளோடு வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். முந்திய ஆண்டில் சுமார் 55,000 நோயாளர், 2017இல் 186,101. பருவம் மாறவில்லை, உச்சம் வழக்கம்போல் ஜூலைதான். மாறியது வைரஸின் வகை. பல ஆண்டு முதலாம் வகையே ஆண்ட நாட்டில் இரண்டாம் வகை தலையெடுத்தது. அதை எதிர்க்கும் சக்தி பெரும்பாலோரிடம் இல்லை. கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தபின் தெருவில் தேங்கிய குப்பையும், மே மாத வெள்ளமும் சேர்ந்துகொண்டன. மழை எந்த மாதம் என்று சொல்லும். எத்தனை பேர் என்பதை நம் இரத்தம்தான் சொல்லும்.

புகையூட்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ச்சல் வந்த வீட்டைச் சுற்றி அடிக்கும் புகைக்கு நியாயம் உண்டு. கிழட்டு நுளம்பு அங்கேதான் திரியும். முட்டையையும் குடம்பியையும் புகை தொடாது. தெருவெல்லாம் புகை போட்டுப் படம் பிடிப்பது வேலை செய்வதாகக் காட்டுவதற்கு மட்டுமே.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியதை ஐப்பசியின் முதல் மழைக்கு முன் தொடங்குங்கள். வார்டு நிரம்பியபின் தொடங்கினால் இரண்டு மாதம் பிந்திவிட்டீர்கள். கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு, டயர், இளநீர்க் கோம்பை எல்லாவற்றையும் ஏழு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தும்பால் உரசிக் கழுவுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கிறது.