நிரல் எழுதிப் பழகு – 9: விடியாத டிசம்பர் 31

“இஃப் எழுதினால் எல்ஸும் எழுதியே ஆக வேண்டுமா?” சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்.

கட்டாயமில்லை. மழை பெய்தால் குடை எடு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். பெய்யாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதே இஃப் ஒரு லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் வரிகளுக்குள், போய் உட்கார்ந்துகொண்டால் கதையே வேறு. மைக்ரோசாஃப்ட் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஐபாடுக்குப் போட்டியாக 2006 நவம்பரில் அந்த நிறுவனம் ‘ஸூன்’ என்ற பாட்டுக் கருவியைக் கொண்டுவந்தது (ஜூன் என்று எழுதினால் மாதமாகிவிடும், அதனால் ஸூன்). 2008 டிசம்பர் 31 அன்று அதன் 30 ஜிபி மாடல்கள் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டன. ஆன் செய்தால் லோகோ வரும், அதோடு சரி. மைக்ரோசாஃப்ட் சொன்ன வைத்தியம் இதுதான்: பேட்டரி தீரும்வரை அப்படியே விடுங்கள், ஜனவரி 1 அன்று கிரீன்விச் நேரப்படி நண்பகல் தாண்டியதும் சார்ஜ் போட்டு ஆன் செய்யுங்கள். ‘போய்ட்டு நாளைக்கு வாங்க’ என்கிற நம்மூர் கவுன்ட்டர் பதில் மாதிரி இருக்கிறதா? ஆனால் வேலை செய்தது.

காரணம், கருவியின் கடிகாரப் பாகத்துக்கான சிறு நிரல். அந்தக் கடிகாரத்துக்கு ஆண்டு, மாதம் எதுவும் தெரியாது. 1980 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்து இன்று எத்தனையாவது நாள் என்று மட்டும் சொல்லும். அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிப்பது நிரலின் வேலை. 1980-இல் தொடங்கி ஒவ்வோர் ஆண்டாகக் கழித்துக்கொண்டே வந்தது அது. தமிழில் எழுதினால் இப்படி:

நாள் 365-க்கு மேல் உள்ளவரை:
– – லீப் ஆண்டு ஆனால்:
– – – – நாள் 366-க்கு மேல் ஆனால்:
– – – – – – 366-ஐக் கழி. ஆண்டில் 1 கூட்டு
– – இல்லையேல்:
– – – – 365-ஐக் கழி; ஆண்டில் 1 கூட்டு

(தமிழில் நிபந்தனை முன்னால் வரும், ‘ஆனால்’ பின்னால் வரும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியும் இந்த வரிசையில்தான் எழுதுகிறது. நம் காதுக்கு அது இயல்பாக இருக்கிறது.)

இதைக் கணினியில் ஓட்டாதீர்கள். ஒரு தாளில் ‘ஆண்டு’, ‘நாள்’ என்று இரண்டு பத்தி போட்டுக் கையால் ஓட்டுங்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

2008 டிசம்பர் 31 என்பது 10,593-ஆவது நாள். 1980 முதல் 2007 வரை 28 ஆண்டுகள், அதில் ஏழு லீப். அவ்வளவையும் கழித்துவிட்டால் தாளில் நிற்பது: ஆண்டு 2008, நாள் 366. இப்போது அடுத்த சுற்று. 366, 365-க்கு மேலா? ஆமாம், உள்ளே வா. 2008 லீப்பா? ஆமாம். 366, 366-க்கு மேலா? இல்லை. சரி, அப்போது என்ன செய்வது? அங்கே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. கீழே இருக்கும் ‘இல்லையேல்’ லீப் அல்லாத ஆண்டுக்கானது, இதற்குச் சொந்தமில்லை. எதையும் கழிக்காமல் நிரல் மறுபடி மேலே போகிறது. 366, 365-க்கு மேலா? ஆமாம், உள்ளே வா...

பேட்டரி தீரும்வரை இதே கேள்வி, இதே பதில்.

முந்தின நாள் என்றால் மீதி 365. லூப் மரியாதையாக முடிந்துவிடும். மறுநாள் என்றால் 367. 366 போக 1, ஆண்டு 2009. மாட்டிக்கொள்வது 366 ஒன்றுதான். ஸூன் பிறந்தது 2006-இல். அது பார்த்த முதல் லீப் ஆண்டின் கடைசி நாள் இது. அதுவரை அந்த ஓட்டை யார் கண்ணிலும் படாததில் ஆச்சரியமில்லை. ஆனால் சோதித்தவர்கள் டிசம்பர் 31, 2008 என்று ஒரே ஒருமுறை தேதியை வைத்துப் பார்த்திருந்தால் போதும். இந்த மாதிரி ஓரத்து எண்களில்தான் நிரல்கள் எப்போதும் கிழிகின்றன.

‘366-க்கு மேல்’ என்பதை ‘366 அல்லது அதற்கு மேல்’ என்று மாற்றினால் தீர்ந்தது என்று உங்களில் பாதிப் பேர் இந்நேரம் முடிவுகட்டியிருப்பீர்கள். தாளில் ஓட்டுங்கள். 366-இல் 366 போனால் பூஜ்யம், ஆண்டு 2009. கருவி உறையாது, ஓடும்; தேதி மட்டும் 2009 ஜனவரி 0 என்று நிற்கும். உறைந்துபோவதே மேல், தப்பு நடந்ததாவது தெரியும்.

சரியான மருந்து, மாணவி கேட்ட அந்த எல்ஸ்தான். உள்ளே இருக்கும் இஃப்புக்கு ஓர் ‘இல்லையேல்’ போட்டு, அதில் ‘லூப்பை விட்டு வெளியே போ’ என்று எழுத வேண்டும். நிரல்மொழிகளில் அதற்கு ‘பிரேக்’ என்று பெயர். அதைச் சேர்த்துவிட்டு, 2012 டிசம்பர் 31-ஐ, அதாவது 12,054 என்ற எண்ணை, அதே தாளில் ஓட்டிப் பாருங்கள். ஆண்டு 2012, நாள் 366 என்று வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)